லயத்து அடுப்படிக்கு விருந்தினரை அழைத்தல்: மலையகத்தில் அரைநாள் உணவுச் சுற்றுலா நடத்த முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டத்திலோ அதை ஒட்டிய சிறுநகரிலோ வசித்துக்கொண்டு, ஆறு பேருக்கு மேற்படாத விருந்தினரைக் காலையில் அழைத்து, கொழுந்தையும் தேநீரையும் காட்டி, மதியம் வீட்டுச் சாப்பாடு போட்டு அனுப்ப விரும்புவோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இரவு தங்கவைப்பது வேறு தொழில். அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் படம் எடுத்து முகநூலில் போடுவதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பிறகு விலை சொல்கிறார்கள். ஆட்கள் வருவதாகச் சொன்ன பின்புதான் கழிப்பறைக் கதவுக்குக் கொண்டி இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். கீழே உள்ள வரிசை அந்தப் பழக்கத்துக்கு நேர்மாறானது. விளம்பரம் என்பது இதில் ஏறத்தாழக் கடைசியில் வரும் வேலை.

1. நிலமும் அனுமதியும்

லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பெரும்பாலானவை தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலுள்ள நிலத்தில் நிற்கின்றன. மூன்று தலைமுறையாகக் குடியிருந்தாலும் கையில் காணி உறுதி (நிலப் பத்திரம்) இருப்பதில்லை. ஆகவே வெளியாட்களை அழைத்து வந்து பணம் பெறுவதற்கு முன்னர், துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். கடிதத்தில் எத்தனை பேர், எந்த நேரம், எந்தப் பாதை, தேயிலை மலைக்குள் நுழைவார்களா இல்லையா என்ற நான்கையும் குறிப்பிடுங்கள். வாய்ச்சொல் அனுமதி துரை மாறும்போது அவரோடு போய்விடும் என்பதால்தான் கடிதத்தை வலியுறுத்துகிறேன்.

அனுமதி கிடைக்காவிட்டால், தோட்டத்துக்கு வெளியே சொந்தக் காணியில் சிறு தேயிலைப் பற்று வைத்திருக்கும் உறவினரின் வீட்டைப் பாருங்கள். சமையல் மாறப் போவதில்லை; சமைப்பவரும் மாறப் போவதில்லை.

அடுத்ததாகப் பிரதேச சபை. பணம் பெற்று உணவு வழங்குவது வியாபாரம் என்பதால், அங்கே போய் உங்கள் முயற்சிக்கு எந்த அனுமதி பொருந்தும் என்று கேளுங்கள். அதே வாரத்தில் உங்கள் பிரிவுக்குரிய பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வீட்டுக்கு அழைத்துக் காட்டுங்கள். அவர் தாமாக வரும்போது குறைகள் குற்றமாகப் பதியப்படும். நீங்கள் அழைத்து வரும்போது அதே குறைகள் ஆலோசனையாக வரும். கட்டணம் பெற்று விருந்தினரை அழைத்துச் செல்பவருக்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் வழிகாட்டி உரிமம் தேவை. அது இல்லையென்றால் உரிமம் உள்ள ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. சமைப்பவரைத் தீர்மானித்தல்

இந்த முயற்சியின் அளவைத் தீர்மானிப்பது சமைக்கும் பெண்ணின் கை. உங்கள் பேச்சுத் திறமைக்கு அதில் பங்கில்லை. ஒரு காம்பராவும் (அறை) இஸ்தோப்பும் (முன் திண்ணை) குசினியும் (சமையலறை) கொண்ட வீட்டில், இரண்டு பேர் சமைத்தால், ஆறு விருந்தினருக்கும் வீட்டாருக்கும் சேர்த்துச் சோறு போடலாம். ஏழாவது ஆள் வந்தவுடன் இஸ்தோப்பில் இடம் போதாமல் ஒருவர் வாசலுக்குப் போக வேண்டும். மழை வந்தால் அதுவும் இல்லை.

நான் முதன்முறை ஒன்பது பேரை அழைத்தேன். பாதிப் பேர் சாப்பிட்டு முடிக்கும் வரை மீதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நின்றவர்களுக்குப் பருப்பு போதவில்லை. அவர்கள் முகம் சுளிக்கவில்லை என்பதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது.

சமைப்பவர் கொழுந்து பறிக்கும் தொழிலாளியாக இருந்தால், வேலை நாளில் அவரை அழைக்காதீர்கள். ஒரு நாள் பேர் விழாமல், அதாவது வேலைநாளாகப் பதியாமல், போவது சம்பளத்தில் மட்டுமன்றி, வேலைக்கு வந்த நாட்களைக் கணக்கிட்டுக் கொடுக்கப்படும் ஏனைய கொடுப்பனவுகளிலும் பாதிப்பை ஏற்படுத்தக்கூடும். ஓய்வு பெற்ற அக்காமாரும் அம்மாமாரும் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவர்கள். அவர்களுக்கு நேரம் உண்டு, கைப்பக்குவம் உண்டு. மலையில் கழித்த முப்பது நாற்பது வருடத்துக் கதையும் உண்டு.

3. மாதத்தைத் தெரிவு செய்தல்

மலையகம் முழுவதற்கும் ஒரே பருவம் கிடையாது. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தை நனைக்கும்போது, மலைத்தொடருக்கு அப்பாலுள்ள பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் வறண்டு காற்று வீசும். திசெம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை பதுளை உள்ளிட்ட அந்த ஊவாப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தேயிலையின் தரமும் இதே கணக்கில்தான் நகர்கிறது. மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரையும், ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரையும் வரும் வறண்ட, குளிர்ந்த நாட்களில் கொழுந்து மெதுவாக வளர்வதால், அந்த வாரங்களின் தேயிலையில் வாசம் தூக்கலாக இருக்கும். உங்கள் ஊர் எந்தச் சரிவில் இருக்கிறதோ அதற்குரிய மாதங்களிலேயே தொடங்குங்கள். பாதை காய்ந்திருக்கும், கோப்பையும் நன்றாக இருக்கும் என்ற இரண்டு நன்மைகளும் ஒன்றாகக் கிடைப்பது அப்போது மட்டுமே.

இடைப்பட்ட ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் காலை வெயிலாக இருந்து, பிற்பகல் இரண்டு மணிக்குமேல் இடியோடு மழை கொட்டுவது வழக்கம். அதனால்தான் கீழே தரும் நேர அட்டவணை இரண்டு மணிக்கு முடிகிறது. ஹட்டன் பக்கத்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: திசெம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் என்பதால், வார இறுதிகளில் வீதி நிரம்பி வழியும். வாரநாட்களை வைத்துக்கொள்ளுங்கள்.

அடைமழைக் காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையை முதல் நாள் மாலையும் புறப்படும் காலையும் பார்க்க வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் அது வரும். உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கு மஞ்சள் விடுக்கப்பட்டாலே சுற்றுலாவை நிறுத்தி, முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வரும்போது திறந்திருக்கும் பாதை போகும்போதும் திறந்திருக்கும் என்று மலையில் யாரும் உத்தரவாதம் தர முடியாது.

4. என்ன சமைப்பது, எதைத் தொடவே கூடாது

பட்டியல் சிறியதாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் நிலைத்துவிட்ட பட்டியல் இது: தேங்காய்ப்பூ ரொட்டியும் மிளகாய் அரைத்த கட்டச் சம்பலும் முதலில், பிறகு மதியச் சோற்றுக்குப் பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், அன்று தோட்டத்தில் பிடுங்கிய போஞ்சி அல்லது கோவா, வல்லாரைச் சம்பல், நெத்தலிப் பிரட்டல், ரசம், அப்பளம். கடைசியில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் பிளேன்டியும் (பால் சேர்க்காத தேநீர்).

புதியவர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். விருந்தாளிக்கு ரொட்டியும் சம்பலுமா கொடுப்பது என்று கூச்சப்பட்டு, நகரத்துக் கடையில் ஃபிரைட் ரைஸ் வாங்கி வைக்கிறார்கள். இத்தனை வளைவுகள் ஏறி வருகிறவர் அதைச் சாப்பிட வருவதில்லை. கொழும்பிலோ காலியிலோ கிடைக்காத ஒன்றைத்தான் தேடி வருகிறார். அது விடியற்காலை மலைக்குப் போகிறவர் கட்டிக்கொண்டு போகும் அந்த ரொட்டிதான்.

கடல் உணவு கேட்பவர்களும் உண்டு. ஒருமுறை தென் கடற்கரையிலிருந்து வந்த ஒரு குழு, நுவரெலியாக் குளிருக்கு ஏற்றது என்று சொல்லி, கடற்சிப்பி வாங்கிவைக்க முடியுமா என்று கேட்டது. முடியாது என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். சிப்பி தான் வாழும் நீரை வடிகட்டித் தின்னும் உயிர். அந்த நீரிலுள்ள கிருமியையும் தன்னுள்ளே சேர்த்துக்கொள்ளும். பச்சையாக உண்ணப்படுவதால், திறக்கும் கணம் வரை அது உயிரோடும் குளிரிலும் இருக்க வேண்டும். புத்தளம் களப்பிலிருந்து பல மணி நேரம் வண்டியில் குலுங்கி மலையேறி வரும் சிப்பியைப் பற்றி அந்த உறுதியை யாராலும் தர முடியாது. சிப்பி விருந்து களப்பின் கரையில் நடக்க வேண்டும், தேநீர் விருந்து தேயிலைச் சரிவில் நடக்க வேண்டும். மலைக்குக் கடல் எப்போதுமே கருவாடாகவும் நெத்தலியாகவும் மாசி எனும் உலர்ந்த சூரை மீனாகவும்தான் ஏறி வந்திருக்கிறது. அதை அப்படியே பரிமாறுங்கள்.

மரக்கறி மட்டும் உண்பவருக்கு மாசி போடாத கட்டச் சம்பலைத் தனியாக, முதலில் அரைத்து எடுத்து வையுங்கள். மாசி அரைத்த அம்மியைக் கழுவிவிட்டு அரைப்பது போதாது, வாசம் போகாது; ஆகவே வரிசையை மாற்றுவதே எளிய வழி.

5. தண்ணீர், புகை, கழிப்பறை

தோட்டத்துப் பீலித் தண்ணீர் எங்கள் வயிற்றுக்குப் பழகியது, வந்தவர் வயிற்றுக்குப் பழகாதது. குடிக்கும் தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்துவிட்டு, வல்லாரையைக் குழாய்த் தண்ணீரில் அலசுவது நான் பலமுறை பார்த்த தவறு. பச்சையாகப் பரிமாறும் எதையும், அதை வைக்கும் தட்டையும்கூட, கொதித்து ஆறிய நீரில் அலச வேண்டும். முதல் நாள் இரவே பெரிய பானையில் கொதிக்கவைத்து மூடி வைத்தால்தான் காலையில் ஆறிய தண்ணீர் போதிய அளவு இருக்கும்.

மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் கிளை, போட்டு எரிக்கும் அடுப்பில் வரும் ருசி எரிவாயுவில் வராது என்பது உண்மை. ஆனால் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து முடிந்த கையோடு கட்டிவந்த ஈர மிலாறு புகைந்து, பழக்கமில்லாதவர்களை ஐந்து நிமிடத்தில் வெளியே துரத்திவிடும். இரண்டு மூன்று மாதம் இஸ்தோப்பு ஓரத்தில் காய்ந்த மிலாற்றை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள். சோறு, ரசம் போன்றவற்றை எரிவாயுவிலும், ரொட்டியையும் பிரட்டலையும் விறகிலும் செய்தால் புகையும் குறையும், காட்டவேண்டியதும் காட்டப்படும்.

கழிப்பறைக்குத் தேவையானவை: உள்ளிருந்து பூட்டும் கொண்டி, வாளி நிறையத் தண்ணீர், சவர்க்காரம், காகிதம், மூடியுள்ள குப்பைக்கூடை, எரியும் மின்குமிழ்.

6. விலையைக் கணக்கிடுதல்

விருந்தினர் வீட்டில் இருக்கும் நேரத்தை மட்டும் கணக்கிட்டு விலை சொல்வது புதியவர்களின் வழக்கம். சமைப்பவர் அதிகாலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டுகிறார். பாத்திரம் கழுவி முடிக்கும்போது மூன்று மணி. இரண்டு பேர் என்றால் இருபது மணித்தியால உழைப்பு. முதல் நாள் சந்தைக்குப் போன நேரத்தையும் அதோடு சேர்க்க வேண்டும்.

ஆகவே முதலில் இந்த உழைப்புக்குரிய கூலியை எழுதுங்கள். அதற்குக் கீழே பொருட்செலவு, விறகு அல்லது எரிவாயு, வண்டிச் செலவு, தொழிற்சாலை நுழைவுக் கட்டணம், வழிகாட்டியின் கூலி ஆகியவற்றை எழுதுங்கள். வந்த மொத்தத்தை ஆறால் பிரிக்காமல் நான்கால் பிரியுங்கள். பல நாட்களில் நான்கு பேர்தான் வருவார்கள், உலை வைப்பதோ ஆறு பேருக்கு. அப்படிக் கிடைக்கும் தொகையே ஒருவருக்குரிய விலை. அது அதிகமாகத் தோன்றினால் கறிகளில் ஒன்றைக் குறையுங்கள். கூலியில் கைவைக்காதீர்கள்.

7. ஒத்திகை

விளம்பரம் செய்வதற்கு முன், உங்களுக்கு முகத்துக்கு நேரே குறை சொல்லக்கூடிய நான்கு பேரை அழைத்து முழு நாளையும் நடத்திப் பாருங்கள். ஒரே ஊர்க்காரர்களாக இருக்கக்கூடாது; மலைச்சரிவில் நடக்கப் பழகாத ஒருவராவது இருக்க வேண்டும். நீங்கள் ஐந்து நிமிடத்தில் ஏறும் படிக்கட்டில் அவருக்குப் பதினைந்து நிமிடம் ஆகும், அட்டவணையே அதில் மாறிவிடும்.

ஒத்திகை நாளில் கையில் கடிகாரத்தோடு நின்று, ஒவ்வொரு கறியும் எந்த நேரத்தில் இறங்கியது என்று எழுதுங்கள். உயரம் கூடக்கூட நீர் கொதிக்கும் வெப்பநிலை குறையும். சுமார் 300 மீற்றருக்கு ஒரு பாகை என்பது தோராயக் கணக்கு. ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரமுள்ள ஹட்டனில் 96 பாகை செல்சியஸ் அளவிலும், 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் 94 பாகை அளவிலும் நீர் கொதித்துவிடும். சமதரையில் எழுதப்பட்ட செய்முறையில் உள்ள நேரத்தை நம்பினால் சோறு அரைவேக்காட்டில் நிற்கும், கடலை வேகவே வேகாது. கடலையை முதல் நாள் இரவே ஊறவைத்துப் பிரஷர் குக்கரில் போடுங்கள்.

8. இரண்டு நாட்களுக்கு முன் கேட்கவேண்டியவை

விருந்தினரிடம் வட்ஸ்அப்பில் ஐந்து கேள்விகளை அனுப்புங்கள்: எதை உண்ணமாட்டீர்கள், எது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, காரம் எவ்வளவு தாங்கும், படி ஏறுவதில் சிரமம் உண்டா, எப்படி வருகிறீர்கள். முதலிரண்டையும் ஒன்றாகக் கேட்காதீர்கள். பிடிக்காததையும் ஒவ்வாததையும் மக்கள் ஒரே பதிலில் கலந்து எழுதிவிடுவார்கள், அவற்றில் எது வைத்தியசாலைவரை கொண்டுபோகும் என்பது உங்களுக்குத் தெரியாமற் போகும்.

கடைசிக் கேள்வியும் முக்கியமானது. அதே நாள் காலையில் ரயிலில் வந்து இறங்குவதாகச் சொன்னால், முதல் நாளே வந்து தங்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை செல்லும் பாதையில் ஒரு மணி, இரண்டு மணித் தாமதம் புதுமையல்ல. அப்படிப்பட்ட ஒரு நாளில் முன்கூட்டியே சுட்டுவைத்த ரொட்டிகள் எல்லாம் விறைத்து, கடிக்க முடியாத நிலைக்குப் போயின. அன்றைக்கு எங்களுக்குச் சமைத்த அக்கா சொன்னதை இன்றும் கடைப்பிடிக்கிறேன்: “தம்பி, அடுப்புக்கு ரயில் நேரமெல்லாம் தெரியாது. ஆள் வாசலுக்கு வந்தப்புறம் நான் மாவத் தட்டுறேன்.”

உடை பற்றியும் எழுதுங்கள். நீளக் காற்சட்டை, நீளக் காலுறை, வழுக்காத சப்பாத்து, மழைக்கவசம். மழைக்குப் பிந்திய நாட்களில் மலையில் அட்டை ஏறும் என்பதை மறைக்க வேண்டாம். காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம். உப்புப் பொட்டலம் ஒன்று உங்கள் பையில் இருக்கட்டும்.

9. அந்த நாள்

காலை 8.00, அழைத்து வருதல். வண்டியில் ஏறியதும் அன்றைய ஒழுங்கை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். சாப்பாடு எத்தனை மணிக்கு என்று தெரியாதவர்கள் வழியில் கடைகண்ட இடமெல்லாம் நிறுத்தச் சொல்வார்கள்.

காலை 8.30, தொழிற்சாலை. இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பகலில் பறித்த கொழுந்து இரவு முழுவதும் வாட்டுத் தொட்டிகளில் கிடந்து ஈரம் குறைகிறது; உருட்டும் வேலை பெரும்பாலான தொழிற்சாலைகளில் அதிகாலையிலேயே தொடங்கிக் காலையோடு முடிந்துவிடுகிறது. பதினொரு மணிக்குப் போனால் கழுவிவிட்ட இயந்திரங்களைத்தான் பார்க்கலாம். காலையில் போனால் உருட்டுதல், நொதிக்கவிடுதல், உலர்த்துதல், சலித்துத் தரம் பிரித்தல் என்று எல்லாவற்றையும் வரிசையாகக் காட்ட முடியும். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்துதான் ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது என்பதை உலர்த்தும் இடத்தில் நின்று சொல்லுங்கள். அங்கே அடிக்கும் வெப்பமே அந்தக் கணக்கை விளக்கிவிடும். உங்கள் தோட்டத்துத் தொழிற்சாலை வெளியாரை அனுமதிக்காவிட்டால், லபுக்கலை, அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்ன போன்று பார்வையாளரை ஏற்கும் இடங்களை முன்கூட்டியே கேட்டு ஒழுங்கு செய்யுங்கள். முதல் நாள் கொழுந்து பறிக்காத தோட்டத்தில் மறுநாள் காலை உருட்டுவதற்கு எதுவும் இருக்காது. ஆகவே ஞாயிறும் திங்களும் பார்க்கக் கிடைக்குமா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

காலை 9.45, கொழுந்து. இந்த இடத்தில் நடக்கும் தவறு விருந்தினருக்குத் தெரியாது. அதன் விலையைக் கொடுப்பவர் நிரையில் நிற்கும் தொழிலாளி. பறிக்கும் பெண்ணின் கூடையை வாங்கி மாட்டிக்கொண்டு, படம் எடுத்து, கைக்கு அகப்பட்டதைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அவருடைய அன்றைய சம்பளம் கிலோக் கணக்கோடு பிணைந்தது. பத்து நிமிடம் நிறுத்தினால் அந்தப் பத்து நிமிடக் கொழுந்து குறையும். விருந்தினர் போட்ட முற்றிய இலையும் காம்பும் நிறுவையில் கழிவாகப் பிடிக்கப்பட்டால் இழப்பு இரட்டிப்பாகும்.

ஆகவே வேலை நடக்கும் மலையைத் தூர நின்று காட்டுங்கள். பறிக்கக் கற்றுக்கொடுப்பதை, ஓய்வு பெற்ற ஒரு அம்மாவைக் கொண்டு, வீட்டருகிலோ சொந்தக் காணியிலோ உள்ள நாலைந்து செடிகளில் நடத்துங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் விரல் நுனியால் ஒடிக்க வேண்டும், நகத்தால் கிள்ளக்கூடாது என்பதை அவர் ஒருமுறை செய்து காட்டினால் போதும். அதே செடிக்கு ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துத்தான் திரும்ப வருவார்கள் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவிடுங்கள். அவருக்குரிய கூலியை விலைக் கணக்கில் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

படம் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். பிள்ளைகளைப் படம் எடுப்பதாயின் பெற்றோரிடம் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு இனிப்போ காசோ கொடுக்க வேண்டாம் என்று வண்டியிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டே மாதத்தில் பிள்ளைகள் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிவந்து கை நீட்டத் தொடங்கிய லயமொன்றை எனக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தை நிறுத்த ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

காலை 10.45, தேநீர் சுவைத்தல். இது உறைப்புக்கு முன்பே நடக்க வேண்டும். மிளகாய் பட்ட நாக்குக்கு தேயிலையின் துவர்ப்பிலுள்ள நுட்பம் எட்டாது. வரிசையை மாற்றி நடத்திய நாட்களில் எல்லாக் கோப்பையும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்றுதான் விருந்தினர் சொன்னார்கள்.

மூன்று தரங்கள் போதும்: பெரிய இலையான ஓ.பி. (ஒரேஞ்ச் பீக்கோ), நடுத்தரமான பி.ஓ.பி. (புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ), பிறகு வீட்டில் அன்றாடம் குடிக்கும் தூள். மென்மையிலிருந்து கடுமைக்குப் போங்கள். தேயிலை சுவைப்பவர்கள் 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் போட்டு ஆறு நிமிடம் ஊறவைப்பது தரத்திலுள்ள குறையைக் கண்டுபிடிப்பதற்காக. ரசித்துக் குடிப்பதற்கு அதே அளவுத் தேயிலையோடு பெரிய இலைக்கு ஐந்து நிமிடமும் தூளுக்கு மூன்று நிமிடமும் போதும். மலையில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால், கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு ஊற்ற வேண்டும். பீங்கான் கோப்பையைச் சுடுநீரில் அலசி வைக்காவிட்டால் குளிரில் பாதிச் சூடு கோப்பைக்கே போய்விடும். பாலும் சீனியும் மூன்றும் முடிந்த பிறகு வரட்டும்.

காலை 11.15, ரொட்டி. ஆறு பேருக்கு அரைக் கிலோ கோதுமை மா, பாதித் தேங்காயின் துருவல், உப்பு, இளஞ்சூடான தண்ணீர். குளிர்ந்த தண்ணீரில் பிசைந்தால் மலைக் குளிரில் தேங்காயின் எண்ணெய் உறைந்து மா இறுகி நிற்கும்; அதனால்தான் இளஞ்சூடு. பிசைந்து அரை மணி நேரம் ஈரத் துணியால் மூடி வைக்க வேண்டியிருப்பதால், தேநீர் தொடங்கும்போதே சமைப்பவர் மாவைப் பிசைந்திருக்க வேண்டும். இந்த ஒரு சிறு விஷயத்தை மறந்தால் அரை மணி நேரம் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

ஒவ்வொருவரும் ஒரு ரொட்டி தட்டட்டும். வட்டமாக வராது, வராமலிருப்பதுதான் சிரிப்புக்கும் பேச்சுக்கும் வழிவிடும். கல்லில் போடுவதை மட்டும் சமைப்பவரிடம் விட்டுவிடுங்கள், தீக்காயம் ஏற்படுவது பெரும்பாலும் அங்கேதான். கட்டச் சம்பலுக்குச் செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, மாசி ஆகியவற்றை அம்மியில் வைத்து, விரும்புகிறவர் இரண்டு இழுப்பு இழுக்கலாம். இழுத்த கையால் கண்ணைத் தொடக்கூடாது என்று முன்னதாகச் சொல்லுங்கள். தேசிப்புளியைக் கடைசியில் விடுங்கள்.

சுட்ட ரொட்டியில் ஆளுக்குப் பாதிதான் பரிமாற வேண்டும். மீதியைச் சுற்றிக் கையில் கொடுத்தனுப்பலாம். புதியவர்கள் இங்கே தாராளம் காட்டுவார்கள். விருந்தினர் சுடச்சுட இரண்டு ரொட்டி உண்டுவிட்டு, இருபது மணித்தியாலம் உழைத்துச் சமைத்த சோற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

பிற்பகல் 12.45, சோறு. இஸ்தோப்பில் பாய் விரித்தாலும், முழங்கால் மடக்க முடியாதவருக்காக இரண்டு கதிரைகள் இருக்கட்டும். காரம் குறைந்ததிலிருந்து கூடியதற்கு என்ற வரிசையில் பரிமாறி, நெத்தலிப் பிரட்டலைக் கடைசியில் கொடுங்கள். என்ன சாப்பிடுகிறோம் என்பதைச் சமைத்தவரே சொல்லட்டும். நீங்கள் மொழிபெயர்த்தால் போதும். வழிகாட்டி முன்னால் நின்று பேசி, சமைத்தவர் குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். விருந்தினர் கேட்க நினைக்கும் கேள்விகள் எல்லாம் அவரிடம்தான் இருக்கின்றன: மழைநாளில் மலைக்கு என்ன கட்டிக்கொண்டு போவீர்கள், பிள்ளைக்கு எதை முதலில் ஊட்டினீர்கள், இதை யாரிடம் படித்தீர்கள். அவர் விருந்தினரோடு உட்கார்ந்து சாப்பிட விரும்பினால் ஒரு தட்டு அவருக்கும் போடுங்கள். விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

10. விருந்தினர் போன பிறகு

கூலியை அன்றைக்கே, சமைத்தவர் கையிலேயே, எண்ணிக் கொடுங்கள். வார இறுதியில் கணக்குப் பார்க்கலாம் என்பது தோட்டத்தில் அனைவரும் கேட்டுச் சலித்த சொல்.

மீந்த சோறும் கறியும் யாருக்கு என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்; எங்களிடம் அது சமைத்த இரு வீட்டுக்கும் சமமாகப் போகிறது. வல்லாரைச் சம்பலையும் தேங்காய் சேர்ந்த மற்றவற்றையும் மாலைக்கு மேல் வைக்க வேண்டாம்.

பிறகு ஒரு கொப்பியில் மூன்று வரி எழுதுங்கள்: எந்தக் கறி திரும்பி வந்தது, எந்த இடத்தில் நேரம் இழுத்தது, யார் என்ன கேட்டு நாம் பதில் சொல்ல முடியாமல் நின்றோம். ஆறேழு குழுக்கள் வந்து போன பின், அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் படம் எடுப்பதையும் முகநூலில் போடுவதையும் தொடங்க வேண்டும். எந்தப் படத்தைப் போடுவது என்பது அப்போதுதான் தெரியும். எங்களுக்கு அதிக ஆட்களைக் கொண்டுவந்தது தேயிலை மலையின் படமல்ல, ஆறு விதமாகக் கோணிய ஆறு ரொட்டிகள் ஒரே சுளகில் கிடந்த படம்.